பிளாக் டிக்கெட், மறுவிற்பனை: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

கடைசி வரிசை:
வாசலில் ஸ்கேனர் சிவப்பாக எரியும் அந்த நொடிதான் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. பணம் கொடுத்தாயிற்று, கையில் டிக்கெட்டும் இருக்கிறது. ஆனால் அதே பார்கோடு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஒரே ஸ்கிரீன்ஷாட்டை 5 பேருக்கு விற்றால், முதலில் வந்தவருக்குத்தான் இடம். சில நொடிக்கு ஒருமுறை மாறும் பார்கோடு வந்ததே இதைத் தடுக்கத்தான்.

நடுவாசல்:
அது மோசடி. பிளாக் வேறு. 2014 டிசம்பரில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கவிருந்த யு2 ராக் இசைக்குழுவின் கச்சேரிக்கு ஒரு புரோக்கரின் பாட் (தானாக டிக்கெட் வாங்கும் மென்பொருள்) ஒரே நிமிடத்தில் 1,012 டிக்கெட்டை அள்ளியது. ஆளுக்கு 4 என்ற வரம்பு இருந்தும்! கார்டு, கணக்கு, ஐ.பி. முகவரி எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டினால் வரம்பு எப்படி நிற்கும்? அமெரிக்கா 2016இல் பாட் தடைச் சட்டம் போட்டது. அதன்படி முதல் நடவடிக்கை வந்ததோ 2021இல்.

பால்கனி:
பாட்டை மட்டும் திட்டுவதை நான் ஏற்க மாட்டேன். யு2 கணக்கைச் சொன்ன அதே 2016 நியூயார்க் விசாரணை அறிக்கையை முழுதாகப் படியுங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் சராசரியாக 46% டிக்கெட்தான் பொது விற்பனைக்கு வந்தது. 38% முன்விற்பனையில் போனது, 16% கலைஞர், அரங்கம் போன்ற உள்வட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. 300 கொடுக்க ஆள் இருக்கும் இருக்கைக்கு 100 விலை வைத்தால், மிச்சம் 200 யார் பைக்காவது போகத்தான் செய்யும். 2016இல் நியூயார்க்கின் ஹாமில்டன் இசை நாடகம் உயர்தர இருக்கையை 849 டாலருக்கு ஏற்றியது. புரோக்கருக்குப் போன பணம் தயாரிப்பாளருக்குத் திரும்பியது, அவ்வளவுதான். பார்க்க வருபவருக்கு ஒரு காசு குறையவில்லை.

ஸ்பீக்கர் பக்கம்:
சண்டை இருக்கட்டும், வாங்குகிறவர்கள் கவனியுங்கள். மறுவிற்பனைத் தளத்தில் போட்ட டிக்கெட்டில் பகுதியும் வரிசையும் மட்டும் இருந்து இருக்கை எண் இல்லையென்றால், விற்பவரிடம் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். விலை இறங்கினால் வாங்கித் தருவார், ஏறினால் கடைசி நாளில் ரத்து செய்வார்.

கட்டணத்தையும் கணக்குப் போடுங்கள். ஒருவர் 100க்கு வாங்கியதை மறுவிற்பனைத் தளத்தில் 130க்குப் போடுகிறார். தளம் விற்பவரிடம் 15%, வாங்குபவரிடம் 20% எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தருவது 156, அவருக்குப் போவது 110.50. அவர் லாபம் 10.50, தளத்துக்கு 45.50. ஒரே டிக்கெட் 3 கை மாறினால் தளத்துக்கு 3 முறை வசூல்.

நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் டிக்கெட்டுக்கு மதிப்பு பூஜ்யம். அதனால் இருப்பு நிறைய வைத்திருப்பவர் கடைசிச் சில மணி நேரத்தில் இறங்கி வருவார். ஒற்றை இருக்கை முதலில் இறங்கும், சேர்ந்தாற்போல் 4 இருக்கை கிடைப்பது அரிது. கூடுதல் காட்சி அறிவித்தாலும் விலை விழும், அதற்கு முன் அவசரப்பட வேண்டாம்.