புதுப்பிப்பு: ஓலைக்கொட்டகையும் ஆபரேட்டரின் பீடியும்

தொண்டிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் பற்றிப் போன வாரம் எழுதியபோது, "ஆபரேட்டர் பீடி குடிக்கத்தான் படத்தை நாலைந்து தடவை நிறுத்துவார்" என்று அடித்துவிட்டிருந்தேன். தப்பு. நேற்று சித்தப்பாவிடம் கேட்டேன், சிரித்துவிட்டார்.

"அடேய், இருந்தது ஒரே புரொஜெக்டர். 2000 அடி ரீல் 22 நிமிஷத்துல முடிஞ்சிரும். மாத்த வேணாமா?"

புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் இரண்டு கார்பன் குச்சிகளும் எரிந்து தேயத் தேய, நடுவிலிருக்கும் இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டுமாம். அசந்தால் திரை மங்கும், உடனே விசில் பறக்கும். அந்த விசிலில் பாதி என்னுடையது. பாவம் மனுஷன்.

வாடைக்காற்று நாட்களைச் சொல்ல விட்டுவிட்டேன். கடலிலிருந்து காற்று ஏறினால் பனையோலைக் கூரை படபடக்கும், வசனம் ஒன்றும் கேட்காது. திரை புடைத்துக் கதாநாயகிக்கும் வயிறு தள்ளும்! ஆத்தா மடியில் கட்டிவந்த பனங்கிழங்கை நார் உரித்துத் தின்றபடி, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருப்போம். பின்னாலிருந்து யாராவது தலையில் தட்டுவார்கள்: "மேட்டைக் கலைடா, மறைக்குது."

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கருவேலங்காடு. சித்தப்பாவிடம் ஒரு கார்பன் துண்டு இருக்கிறது. படம் எடுத்துப் போடுகிறேன்.