சாமநத்தம் கண்மாய்: பருந்து அடை உட்கார்ந்து 35 நாள், குஞ்சைக் காணோம்

கேள்வி:
கரைப் புளியமரத்தில் ஒரு ஜோடி. தலை, மார்பு வெள்ளை. முதுகு செங்கல் நிறம். மீன் பிடிக்கும் விராலடிப்பான் பருந்தா (Osprey)? தை கடைசியில் அடை உட்கார்ந்தது, இன்னும் எழவில்லை. முட்டை கெட்டுப்போச்சா?

பதில் 1:
அது செம்பருந்துங்க. விராலடிப்பானுக்கு முதுகு கரும்பழுப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை ஓடும். நம்ம பக்கம் குளிர்கால விருந்தாளிதான், கூடு கட்டாது.

செம்பருந்து அடை காப்பது சுமார் 27 நாள். 35 என்றால் கூமுட்டையாக இருக்கலாம். ஆனாலும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. பொரித்த முதல் சில நாள் தாய் குஞ்சை அணைத்தே கிடக்கும்; கீழேயிருந்து பார்த்தால் அடை மாதிரியேதான் தெரியும். மீன் வந்ததும் தாயின் தலையைக் கவனிங்க. குனிந்து, துளித்துளியாகக் கிழித்து, நிறுத்தி நிறுத்தி நீட்டினால் குஞ்சு இருக்கு. மடமடவென்று தானே விழுங்கினால் சந்தேகம்தான்.

பதில் 2:
கூட்டிலிருந்து 100 மீட்டராவது தள்ளியே நில்லுங்க. தாய் எழுந்தால் காக்கா புகுந்துடும். மாசி வெயிலில் நிழலில்லாத குஞ்சும் தாங்காது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். கூட்டில் நைலான் வலைத்துண்டு தொங்குதா பாருங்க, குஞ்சின் காலை இறுக்கிவிடும். தொங்கினால் மரமேறாமல் வனத்துறைக்குச் சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
சரிங்க. காலை 6 மணிக்கே போய்த் தலையசைவைப் பார்த்துட்டு எழுதுறேன்.