டெக்சாஸ் வேட்பாளரின் குடியேற்ற நிலைப்பாட்டை ஆவணமாகத் தேடுவது எப்படி?

லாஸ்பேட்டைவாசி:
வணக்கம். தங்கச்சி டெக்சாஸில் இருக்கிறாள், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். எனக்காக எஃப்4 மனு, அதாவது உடன்பிறந்தோர் பிரிவில், போட்டிருக்கிறாள். 2026 நவம்பர் 3 தேர்தலில் அவள் தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்கு நிற்பவர்களில் ஒருவர் இப்போதைய உறுப்பினர், இன்னொருவர் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். "நீயே பார்த்து எழுதி அனுப்பு" என்கிறாள். இரண்டு பேருமே தங்கள் தளத்தில் "சட்டப்படி வருபவர்களை வரவேற்கிறேன்" என்றுதான் போட்டிருக்கிறார்கள். டிவி பேச்சு, விளம்பரம் வேண்டாம். புதுச்சேரியில் உட்கார்ந்தே என்னென்ன பதிவுகளைப் பார்க்க முடியும்?

முத்தியால்பேட்டை கதிர்:
தாராளமா பார்க்கலாம் சார். எல்லாமே இலவசம், லாகின்கூட தேவையில்லை. ஆனா "குடியேற்றத்துக்கு ஆதரவா, எதிரா"ன்னு தேடினா ஒண்ணும் தேறாது. எல்லை, அடைக்கலம், வேலை விசா, குடும்ப விசா எல்லாம் தனித்தனி. எச்1பி வேணும்னு பேசுறவரே உடன்பிறந்தோர் பிரிவை ஒழிக்கவும் சொல்லலாம். உங்களுக்கு வேண்டியது குடும்பப் பிரிவு. எஃப்4-க்கு வருஷ ஒதுக்கீடு 65,000. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுங்கிற உச்சவரம்பு வேற. இந்தியாவுக்கு வரிசை இருபது வருஷத்தை ஒட்டி நிக்கிறதுக்கு இதுதான் முக்கியக் காரணம். அதனால இந்த ரெண்டு எண்ணையும் தொட்ட மசோதாக்களை முதல்ல எடுங்க.

உறுப்பினர் 2018-லயே சபையில இருந்திருந்தா எச்.ஆர்.4760-ல தொடங்குங்க. எச்.ஆர்.னா பிரதிநிதிகள் சபையில தாக்கலான மசோதா. அந்த வருஷம் ஜூன் 21-ல 193–231-னு தோத்துப்போச்சு. கணவன் மனைவி, மைனர் பிள்ளைங்க தவிர மத்த குடும்ப வழிகளை வெட்டச் சொன்ன மசோதா. நிறைவேறியிருந்தா எஃப்4-ங்கிற பிரிவே இருந்திருக்காது. அடுத்தது எச்.ஆர்.1044. 2019 ஜூலை 10-ல 365–65-னு சபையில ஜெயிச்சுது. நாட்டுக்கான உச்சவரம்பைக் குடும்பப் பிரிவுல 7-லிருந்து 15 சதவீதமா ஏத்தி, வேலைப் பிரிவுல அடியோட எடுத்துச்சு. செனட் தன்னோட வடிவத்தை 2020 டிசம்பர் 2-ல ஒருமனதா நிறைவேத்துச்சு, ஆனா ரெண்டையும் ஒண்ணாக்காமலே அந்த காங்கிரஸ், அதாவது ரெண்டு வருஷ நாடாளுமன்றக் காலம், முடிஞ்சுது. ஒருமனதுன்னா பேர் வாரியா பதிவு கிடையாது. "நான் ஆதரிச்சேன்"னு ஒரு செனட்டர் சொன்னா, அந்த நாள் ஓட்டை வச்சு அதைச் சரிபார்க்க முடியாது.

தேடுற முறை: காங்கிரஸ் டாட் கவ் தளத்துல மசோதா எண்ணோட எத்தனையாவது காங்கிரஸ்னும் சேர்த்துக் கொடுங்க. எண்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 116-வது காங்கிரஸ்ல எச்.ஆர்.2 சாலை, பாலம் போன்ற கட்டமைப்பு மசோதா. 118-ல அதே எண் எல்லைப் பாதுகாப்பு மசோதா. மசோதாவோட 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில ரோல் கால், அதாவது பேர்வாரி ஓட்டெடுப்போட எண் இருக்கும். அதைத் தட்டினா சபையோட கிளர்க் அலுவலகப் பக்கம் திறக்கும். அங்க உறுப்பினர் பேருக்குத் தாவாம, மேல 'கொஸ்டின்'னு இருக்கிற வரியைப் படிங்க. 'ஆன் பாஸேஜ்'னு இருந்தா மசோதா மேலயே நடந்த ஓட்டு. 1044 மாதிரி விதிகளை நிறுத்திவச்சு எடுத்ததுக்கு 'சஸ்பெண்ட் தி ரூல்ஸ் அண்ட் பாஸ்'னு வரும், அதுவும் மசோதா மேல ஓட்டுதான். 'மோஷன் டு ரீகமிட்', 'ப்ரீவியஸ் கொஸ்டின்' எல்லாம் நடைமுறை ஓட்டு. கட்சி சொன்னபடி போடுவாங்க. விளம்பரத்துல "இவர் இதற்கு எதிராக ஓட்டளித்தார்"னு வர்றதுல கணிசமானது இந்த வகை.

எதிர் ஓட்டுக்கும் காரணம் பார்க்கணும். 2023 மே 11-ல எச்.ஆர்.2 219–213-னு ஜெயிச்சப்போ எதிர்த்த ரெண்டு குடியரசுக் கட்சிக்காரங்கள்ல ஒருத்தர் தாமஸ் மாசி. வேலைக்குச் சேருற எல்லாரையும் அரசுத் தரவுல சரிபார்க்கச் சொல்ற இ-வெரிஃபை பிரிவுதான் அவருக்கு உறுத்தல். குடியேற்றம் மேல வந்த பாசம் இல்லை. காரணம் தெரிய, அதே தேதி காங்கிரஷனல் ரெக்கார்டுல, அதாவது சபைப் பேச்சுகளோட அதிகாரப்பூர்வப் பதிவுல, அவர் பேசினாரான்னு பாருங்க.

ஓட்டுக்கே வராத மசோதாக்கள்தான் அதிகம். அங்க கோஸ்பான்சர் பட்டியல், அதாவது மசோதாவை ஆதரிச்சுக் கையெழுத்துப் போட்ட உறுப்பினர்கள் பட்டியல், உதவும். தாக்கலான அன்னைக்கே சேர்ந்தவர் பேர்ல நட்சத்திரக் குறி இருக்கும், பின்னால சேர்ந்தவருக்குத் தேதி இருக்கும், விலகினவங்க பேர் தனியா வரும். 2021-ல வந்த எச்.ஆர்.1177 நாட்டு உச்சவரம்பை 20 சதவீதமாக்கச் சொன்னது. சபையில ஓட்டெடுப்பே நடக்கலை. ஆனா யார் யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு இன்னைக்கும் பார்க்கலாம்.

கடலூர் முதுநகர் தேவி:
கதிர் சொன்னது இப்போதைய உறுப்பினருக்கு. மற்றவருக்கு டெக்சாஸ் சட்டமன்றத் தளத்தில் ஹவுஸ் ஜர்னல், செனட் ஜர்னல் என்ற அவை நடவடிக்கைக் குறிப்புகள் இரண்டும் இருக்கின்றன. அவர் எந்த அவையில் இருந்தாரோ அந்த ஜர்னலில் பெயர்வாரியான ஓட்டைத் தேடுங்கள்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது அண்ணா. "எஸ்.பி.4-க்கு ஓட்டுப் போட்டார்" என்று யார் எழுதியிருந்தாலும், எந்த எஸ்.பி.4 (செனட் மசோதா 4) என்று கேளுங்கள். 2017-இல் வந்தது, குடியேற்ற அதிகாரிகளோடு உள்ளூர்க் காவல்துறை ஒத்துழைக்க வேண்டும் என்ற சட்டம். 2023-இல் மூன்றாம் சிறப்புக் கூட்டத் தொடரில் வந்தது, ஆள்கடத்துபவர்களுக்குத் தண்டனையைக் கூட்டியது. அதே வருடம் நான்காம் சிறப்புத் தொடரில் வந்த எஸ்.பி.4தான் அனுமதியின்றி எல்லை தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கியது. மூன்றுக்கும் ஒரே எண். கடத்தல் தண்டனைக்கு ஆதரவாகப் போட்டவரே கடைசியாக வந்ததை எதிர்த்திருக்கலாம். தளத்தில் தேடும்போது தொடரின் பெயரை, அதாவது 85-ஆர் (2017 வழக்கமான தொடர்), 88-3, 88-4 (2023 சிறப்புத் தொடர்கள்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் குழப்பம் வராது.

இன்னொன்று, மாநிலச் சட்டமன்றத்துக்கு விசா ஒதுக்கீட்டில் அதிகாரமே கிடையாது. அவருடைய எஃப்4 நிலைப்பாட்டுக்கு ஓட்டுப் பதிவு அங்கே கிடைக்காது. அதற்கு அவருடைய பிரசாரத் தளத்தின் பழைய வடிவங்களை, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் எடுங்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் 3 முதற்கட்டத் தேர்தலுக்கு (பிரைமரி) முன்பு 'குடியேற்றம்' பக்கத்தில் என்ன இருந்தது, பின்பு என்ன இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "சங்கிலித் தொடர் குடியேற்றத்தை நிறுத்துவோம்" என்ற வரி வந்து போயிருந்தால், அது உறவினர்களை அழைத்துக்கொள்ளும் விசாக்களை, அதாவது உங்கள் மனுவைப் பற்றிய பேச்சு.

லாஸ்பேட்டைவாசி:
மிக்க நன்றி. பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நிலைப்பாடு தெரியுமா?

முத்தியால்பேட்டை கதிர்:
ஓரளவுக்குத்தான். நம்ம ஊர் ஃபாரம் 26 பிரமாணப் பத்திரத்துல சொத்து, வழக்கு எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குமே, அப்படி அங்க இல்லை. பிரசாரப் பணம் கூட்டாட்சித் தேர்தல் ஆணையமான எஃப்இசி தளத்துல, சொந்தச் சொத்து விவரம் கிளர்க் அலுவலகத் தளத்துல. எஃப்இசி-யில ஒருத்தர் மொத்தம் 200 டாலருக்கு மேல கொடுத்தா பேர், தொழில், வேலை பார்க்கிற இடம் வரும். ஆக்ட்ப்ளூ, வின்ரெட் பேர்ல பெரிய தொகை தெரிஞ்சா அது ஒரே ஆள் கொடுத்த பணம்னு நினைச்சிடாதீங்க. சின்ன நன்கொடைகளை வாங்கிச் சேர்க்கிற வழிதான் அவை. அதைவிட, வெளிக் குழுக்கள் தனியா செலவழிக்கிற 'இண்டிபெண்டன்ட் எக்ஸ்பெண்டிச்சர்' பட்டியல் பயன்படும். ஆதரவா எதிரான்னு அதுலயே குறிச்சிருக்கும். சொத்து அறிக்கையில தொகை 1,001 முதல் 15,000 டாலர்ங்கிற மாதிரி வரம்பாத்தான் இருக்கும். குடியேற்றத் தடுப்பு மையம் நடத்துற ஜியோ குரூப், கோர்சிவிக் பங்குகள் இருந்தா குறிச்சு வைங்க. அதை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க.

நீங்க இங்கிருந்து தேடி எழுதி அனுப்புறதுல தப்பில்லை. ஆனா அந்த ஊர்த் தேர்தலுக்கு நீங்க ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது, வெளிநாட்டவருக்குச் சட்டப்படி தடை. கிரீன் கார்டு உள்ளவங்க நன்கொடை தரலாம், ஓட்டு கிடையாது.

வைசியாள் வீதி ரமணி:
பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம்ம ஊர்க் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. இதே வேலையைப் பாரீஸ் நாடாளுமன்றத் தளத்திலும் செய்யலாம். 2023 டிசம்பர் 19 அன்று குடியேற்றச் சட்டம் 349–186 என்று நிறைவேறியது, உறுப்பினர் வாரியாக ஓட்டு இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரி 25-இல் அரசியல் சாசன மன்றம் அதன் பல பிரிவுகளை நீக்கிவிட்டது. எந்த வடிவத்துக்கு ஓட்டு விழுந்தது, எது சட்டமாக மிஞ்சியது என்று இரண்டையும் பிரித்துக் குறிப்பெடுங்கள்.

கடலூர் முதுநகர் தேவி:
குறிப்பு எழுதும்போது ஒவ்வொரு ஓட்டுக்கும் தேதி, காங்கிரஸ் எண்ணோடு மசோதா எண், கொஸ்டின் வரி, அவர் ஓட்டு, அது தொட்ட பிரிவு ஆகியவை இருந்தால் போதும். 'நாட் வோட்டிங்' என்றால் எதிர்ப்பு என்று எழுதாதீர்கள், அன்று அவர் சபைக்கே வராமல் இருந்திருக்கலாம். நம்பர்ஸ்யுஎஸ்ஏ போன்ற அமைப்புகள் தரும் மதிப்பெண்ணில் எந்தெந்த மசோதாவைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது குடியேற்றத்தைக் குறைக்கக் கோரும் அமைப்பு, 'ஏ' கிரேடு என்றால் உங்கள் மனுவுக்கு ஆகாதவர் என்று பொருள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் தங்கச்சியிடம் வாக்காளர் பதிவு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அண்ணா. டெக்சாஸ் 2025-இல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தது. இப்போது அவர்களுக்கு உறுப்பினராக இருப்பவர் நவம்பரில் பக்கத்துத் தொகுதியில் நிற்பவராக இருக்கலாம். அட்டையில் காங்கிரஸ் தொகுதி எண் அச்சிட்டிருக்கும், அந்த எண்ணை வைத்து வேட்பாளர் பெயர்களைச் சரிபார்த்துவிட்டுத் தேட ஆரம்பியுங்கள்.