மிக்ஸ்டு மீடியாவுக்குக் ‘கலப்பு ஊடகம்’ வேண்டாமே

தர்மபுரியிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இங்கே மகளிர் குழுக்களைச் சேர்ந்த சிலருக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக் கொடுக்கிறேன். வகுப்பில் கொடுக்கும் செய்முறைத் தாள்களைத் தமிழிலேயே எழுதி வருகிறேன். வெட்டு, மடி, ஒட்டு, காயவிடு என்ற அளவில் தமிழ் தடையில்லாமல் ஓடுகிறது. முட்டுவது தலைப்பில்தான். தாள், துணி, வண்ணம், நூல் என்று பலவற்றை ஒரே படைப்பில் சேர்த்துச் செய்வதை ‘மிக்ஸ்டு மீடியா’ என்கிறார்கள். அதற்கு எங்கே தேடினாலும் ‘கலப்பு ஊடகம்’ என்றே கிடைக்கிறது. இந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்கிறேன். காதுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அல்ல, தாளில் எழுதினால் வேலைக்கு ஆகவில்லை.

முதலில் ஊடகம். இந்தக் கைவினையில் மீடியம் என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஓவியர் எதைக் கொண்டு வரைகிறாரோ அது ஒன்று: நீர்வண்ணம், கரி, மெழுகுக் குச்சி. இன்னொன்று கடையில் விற்கும் பொருள். அக்ரிலிக் வண்ணத்தில் நிறப்பொடி சேர்க்காமல் விட்டால் கிடைக்கும் வெள்ளைப் பிசின் அது, காய்ந்தால் தெளிவாகிவிடும். ஒட்டவும் உதவும், மேற்பூச்சாகவும் உதவும். ஜெல் மீடியம், மேட் மீடியம் என்று கேட்டு வாங்குகிறோம். ‘கலப்பு ஊடக அட்டையின் மேல் ஜெல் ஊடகத்தைப் பூசவும்’ என்று எழுதிப் பாருங்கள். போதாக்குறைக்கு, ஊடகம் என்றதும் நம் ஆட்களுக்கு டிவிக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய கோளாறு ‘கலப்பு’. இந்த வேலையில் எதுவும் எதோடும் கலப்பதில்லை. அடியில் தடித்த அட்டை, அதன் மேல் வெள்ளைப் பூச்சு, பழைய செய்தித்தாள் துண்டு, கொஞ்சம் வண்ணம், சேலைக் கரையிலிருந்து ஒரு கீற்று, ஓரத்தில் தையல், மேலே பட்டுக்கூட்டை நறுக்கிச் செய்த பூ. முடித்த பிறகும் செய்தித்தாள் செய்தித்தாளாகவே தெரிய வேண்டும், துணி துணியாகவே இருக்க வேண்டும். அக்ரிலிக் ஒரு தடவை காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. அதனால்தான் அடுத்த பூச்சு கீழே இருப்பதைக் கலைக்காமல் மேலே உட்காருகிறது. அக்ரிலிக்குக்குப் பதில் நீர்வண்ணத்தைப் போட்டால் ஈரத் தூரிகை பட்டதும் கீழ்வண்ணம் கிளம்பி மேலே வந்துவிடும், எல்லாம் சேறாகிவிடும். ஆக, கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே இதில் கற்றுக்கொடுக்க வேண்டிய நுட்பம். அதற்குப் போய்க் கலப்பு என்று பெயர் வைப்பதா?

விற்பனையையும் யோசிக்க வேண்டும். கலப்பு என்றால் பாலில் தண்ணீர்தான். கண்காட்சி மேசையில் ‘கலப்பு அட்டை’ என்று எழுதி வைத்தால் அசல் அட்டை எங்கே என்று கேட்பார்கள்.

1912-இல் பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றிவிட்டார். கயிறு கயிறாகவே நின்றதுதான் அதில் புதுமை.

என் பரிந்துரை ‘கதம்பம்’. எங்கள் ஊர்ப் பூக்கடையில் மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் ஒரே சரத்தில் வருவது. ஒவ்வொன்றும் தன் நிறத்தோடும் மணத்தோடும் தனியாகத் தெரியும். கதம்ப அட்டை, கதம்ப ஓவியம், கதம்பத் தாள்வேலை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளவும் வசதி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

அம்மா, கலப்பு பற்றிய உங்கள் மறுப்பு முழுவதும் சரி. ஊடகம் பற்றியதும் சரி. ஆனால் கதம்பம் வடசொல் ஆயிற்றே. புதிதாக ஒரு கலைச்சொல் ஆக்கும்போது அதையும் கவனிக்க வேண்டாமா? ‘விரவு’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வருவதை விரவுப்பெயர் என்று இலக்கணம் சொல்கிறது. அங்கேயும் இரண்டும் தம் இயல்பை இழப்பதில்லை. ‘விரவுக்கலை’, ‘விரவு அட்டை’ என்று வைக்கலாம்.

‘பல்பொருள் கலை’ என்றும் யோசித்தேன். அங்காடி வந்து நிற்கிறது.

மற்றொன்று. உங்கள் சொற்பட்டியலில் மல்பெரி பேப்பருக்கு ‘முசுக்கொட்டைத் தாள்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள், மல்பெரிக்குத் தமிழில் முசுக்கொட்டை என்றுதானே பெயர். பட்டு வளர்க்கும் மாவட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

மதுரையிலிருந்து:

எதற்கு இத்தனை சுற்று? ஒட்டுவதுதானே வேலை? ‘ஒட்டுக்கலை’ போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

மதுரை அண்ணனுக்கு: எங்கள் பக்கம் வந்து ஒட்டுக்கலை வகுப்பு என்று பலகை வைத்தால் விவசாயிகள் வந்து நிற்பார்கள். இங்கே ஒட்டு என்றால் மாங்கன்று. சந்தூர்ப் பக்கம் போனால் வழியெல்லாம் நர்சரிதான். மல்கோவா ஒட்டு, பெங்களூரா ஒட்டு என்றுதான் பேச்சே. துண்டுகளை ஒட்டியே படம் ஆக்கும் கொலாஜுக்கு ‘ஒட்டுப்படம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அது குழம்பாது. ஆனால் அக்கா கேட்பது கொலாஜ் மட்டும் இல்லை. தையலும் பூச்சும் அச்சும் சேர்ந்தது.

நான் அச்சகம் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. அட்டை செய்கிறவர்கள் தேடும் சொற்களில் பாதி எங்களிடம் ஏற்கெனவே புழங்குகிறது. என்ன, எல்லாம் இங்கிலீஷில். மடிப்பதற்கு முன் கோடு அழுத்துவது கிரீசிங். அச்சு வைத்து வடிவமாக வெட்டுவது பஞ்சிங். இதற்கெல்லாம் தமிழ் வேண்டுமென்றால் ‘மடிகோடு’, ‘அச்சுவெட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பையன்கள் மாற மாட்டார்கள், வகுப்பில் புதிதாகக் கற்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

மடிகோட்டோடு ‘நாரோட்டம்’ என்ற சொல்லையும் சேருங்கள் அக்கா. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் மடித்தால் சுத்தமாக மடியும். குறுக்கே மடித்தால் தடித்த அட்டை முதுகில் வெடித்து வெள்ளை தெரியும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், எந்த வாக்கில் மடிக்க இளகிக் கொடுக்கிறதோ அதுதான் நாரோட்டம். கையால் செய்த தாளில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, நார் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும்.

ஜிஎஸ்எம்மை மட்டும் தமிழாக்கப் போகாதீர்கள். கடையில் 300 ஜிஎஸ்எம் என்று கேட்டால்தான் கொடுப்பான். விளக்கம் வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்: ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஒன்று 5 கிராம், 300 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று 19 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. எடை மெஷின் இருந்தால் வாங்கிய அட்டை சொன்ன ஜிஎஸ்எம்தானா என்று வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

அப்புறம் கிராஃப்ட் பேப்பர். கைவினைத் தாள் என்று எழுதிவிடாதீர்கள்! தமிழில் எழுதினால் கைவினை என்ற கிராஃப்டும் இந்தக் கிராஃப்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இது வேறு. ஜெர்மன் மொழியில் வலிமை என்று பொருள். மரக்கூழை வெளுக்காமல் செய்யும் பழுப்புநிற, எளிதில் கிழியாத தாள். ஊரில் எல்லாரும் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் என்றுதான் சொல்வார்கள். அதையே எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

கதம்பத்துக்கு என் ஆதரவு. வண்ணத்துக்கு முன் பூசும் ஜெஸ்ஸோ என்று ஒன்று உங்கள் தாளில் வரும், அதற்குச் சொல் தேட வேண்டாம். எங்கள் ஊர் ஓவியத்தில் சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்து மேடாக வைத்து, அதன் மேல் கல்லும் தங்கத்தாளும் பதிப்போம். அதற்கு ‘மக்கு’ என்று பெயர்.

தர்மபுரியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சென்னை ஐயாவுக்கு. விரவு அழகான சொல். வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதி வைத்துப் பார்த்தேன். விரவு என்றால் என்ன என்று கேட்டார்கள், விளக்கினேன், தலையாட்டினார்கள். கதம்பத்துக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “எனக்கு இன்னும் ரெண்டு கதம்பம் கட்டணும்” என்றார். எனக்கு அதிலேயே மனது முடிவாகிவிட்டது. செய்பொருளுக்கு மட்டும் பெயர் வைத்தால் போதாது, செய்வதற்கும் ஒரு வினை வேண்டும். கலப்பு ஊடகத்தை என்ன செய்வது? படைப்பதா, உருவாக்குவதா? கதம்பத்துக்குக் ‘கட்டு’ என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. நாம் ஆக்க வேண்டியதில்லை. விரவிலும் வினை உண்டுதான். ஆனால் ‘விரவினேன்’ என்று இங்கே யாரும் வாயால் சொல்லப் போவதில்லை.

வடசொல் என்ற மறுப்பை நான் ஒதுக்கவில்லை. பூக்காரம்மா நாள் முழுவதும் கூவி விற்கும் சொல்லை வெளியே நிறுத்திவிட்டு, விளக்கம் கேட்கும் சொல்லை உள்ளே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். கலை வரலாறு, ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் விரவுக்கலை என்று எழுதட்டும். இரண்டும் இருக்கலாம்.

முசுக்கொட்டைத் தாளை மட்டும் ஏற்க முடியவில்லை ஐயா. இங்கே பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி வேறு, அந்தத் தாள் செய்யும் மரம் வேறு. தாளுக்கு உரியது காகித மல்பெரி, அதன் உள்பட்டை நாரில்தான் ஜப்பானிலும் தாய்லாந்திலும் அந்தத் தாளைச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு பேரினம். முசுக்கொட்டை என்று எழுதினால், எங்கள் தோட்டத்துக் குச்சியிலேயே தாள் செய்யலாமா என்று மறுநாளே கேட்பார்கள். ‘காகித மல்பெரித் தாள்’ என்று நீளமாகவே இருக்கட்டும். பட்டிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது கூடுதான். அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூட்டில் நூல் தொடர்ச்சியாக வராது, கூட்டிலிருந்து பட்டிழை இழுப்பவர்களுக்கு அது கழிவு. எங்களுக்கு அதுவே பூவிதழ். ‘கூட்டுப்பூ’ என்று வகுப்பில் தானாகவே பெயர் வந்துவிட்டது.

தஞ்சாவூர்க்காரர் சொன்ன மக்கை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஜெஸ்ஸோவுக்கு அல்ல. ஜெஸ்ஸோ மெல்லிசாகப் பூசுவது. தாள் வண்ணத்தை உறிஞ்சாமலும், மேலே வருவது பிடித்து நிற்கவும் போடுவது. அதற்கு ‘அடிப்பூச்சு’ போதும். மக்கு என்பது கெட்டியாக மேடு எழுப்புவது. டெக்ஸ்சர் பேஸ்ட், மாடலிங் பேஸ்ட் என்று டப்பாவில் வருகிறதே, அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. மரவேலைக்காரரும் பெயின்டரும் ஓட்டை அடைப்பதற்கு இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். முதல் நாள் வகுப்பில் சிரிப்பு வரும், பிள்ளைகளைத் திட்டும் சொல்லும் அதுதானே. வரட்டும், மறக்காது.

மீடியம் மீடியமாகவே இருக்கட்டும். பாட்டிலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மடிகோடு, அச்சுவெட்டு, நாரோட்டம், பிரவுன் ஷீட் நான்கையும் அச்சக அண்ணன் சொன்னபடியே போடுகிறேன்.

மிச்சம் எம்பாஸிங், அதாவது தாளில் வடிவம் மேடாகத் தெரியச் செய்வது. இதற்குப் ‘புடைப்பு’ என்று வைத்திருக்கிறேன். இங்கே அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் வகை இரண்டு. மேடுபள்ளமான இரண்டு தகட்டுக்கு நடுவே தாளை வைத்து அழுத்துவது ஒன்று. மெதுவாகக் காயும் மையில் முத்திரை குத்தி, பொடி தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, வெப்பக்காற்றில் உருக்குவது மற்றொன்று. முடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. சூடு பத்தாது, காற்றில் பொடிதான் பறக்கும். முதலாவதில் தாளே எழும்புகிறது. இரண்டாவதில் தாள் அப்படியே கிடக்கிறது, மேலே ஒட்டிய பொடிதான் உருகி மேடாகிறது. ‘அழுத்துப் புடைப்பு’, ‘சூட்டுப் புடைப்பு’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்குப் புடைப்பு என்ற சொல்லே பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். இதைவிடச் சரியாக ஏதாவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை தாளை அச்சக அண்ணனிடம் கொடுக்கிறேன்.