ஈர உணவுக்கு மாற்றியபின் பூனைகளின் லிட்டர் பெட்டியைப் பராமரிப்பது கடினமாகிவிட்டது: என்ன செய்யலாம்?

கேள்வி: சாம்பல்வால்

வணக்கம். வீட்டை விட்டு வெளியே செல்லாத இரண்டு பூனைகளை வளர்க்கிறேன். ஒன்று கருத்தடை செய்யப்பட்ட நடுவயதுக் கடுவன். மற்றொன்று வயதான பெட்டை. இரண்டும் பல ஆண்டுகளாக உலர் உணவையே உண்டு வந்தன. அண்மையில் கடுவனின் சிறுநீரில் ஸ்ட்ரூவைட் என்னும் தாதுப் படிகங்கள் காணப்பட்டதால், ஈர உணவுக்கு மாற்றும்படி கால்நடை மருத்துவர் அறிவுறுத்தினார். தனித்தனியாக உணவிடுவது சிரமம் என்பதால் இரண்டையுமே மாற்றினேன்.

பூனைகள் விரும்பி உண்கின்றன. ஆனால் லிட்டர் பெட்டியின் (பூனைகள் மலசலம் கழிப்பதற்காக, லிட்டர் எனப்படும் உறிஞ்சும் துகள்களை நிரப்பி வைக்கும் பெட்டி) நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. முன்பு எலுமிச்சை அளவில் இறுகிக் கிடந்த சிறுநீர்க் கட்டிகள் இப்போது மிகப் பெரிதாகி, பெட்டியின் அடித்தளத்தில் ஒட்டிக்கொள்கின்றன. கரண்டியால் எடுக்கும்போது உடைந்து, ஈரத் துகள்கள் நல்ல லிட்டரோடு கலந்துவிடுகின்றன. மலத்தின் அளவு குறைந்திருக்கிறது என்றாலும் இளகலாக இருக்கிறது, வாடையும் கடுமையாக இருக்கிறது. பெட்டை பூனை சில வேளைகளில் மலத்தை மூடாமலேயே வெளியே வந்துவிடுகிறது.

இவ்வளவு சிறுநீர் இயல்பானதுதானா? சுத்தம் செய்யும் வேலை குறைவதற்காகப் பாதி அளவு உலர் உணவுக்குத் திரும்பினால் தவறா? உணவை இப்படியே வைத்துக்கொள்வதானால் பெட்டியின் பராமரிப்பை எவ்வாறு மாற்ற வேண்டும்?

பதில்: களிமண்தடம்

உங்கள் கடுவன் அதிகமாகச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உணவையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எனவே பெரிய கட்டிகளைக் கண்டு கவலைப்படாதீர்கள். சிகிச்சை வேலை செய்கிறது என்பதற்கு அவையே சான்று.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோகலோரி தேவை. அதை உலர் உணவாகக் கொடுத்தால் 60 கிராம் அளவிலேயே முடிந்துவிடும். அந்த உணவில் நீர் பத்தில் ஒரு பங்குகூட இராது என்பதால், அதன் வழியே உடலுக்குள் செல்வது ஐந்தாறு மில்லிலிட்டர் நீர்தான். அதே கலோரியை ஈர உணவாகக் கொடுக்க 250 கிராம் வரை தேவைப்படலாம், அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர் என்பதால், கிண்ணத்தில் ஒரு வாய்கூடக் குடிக்காமலேயே 190 மில்லிலிட்டர் அளவுக்கு நீர் உடலில் சேர்ந்துவிடுகிறது. உலர் உணவு உண்ணும் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறையை அது முழுமையாக ஈடுசெய்வதில்லை. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த வீட்டுப்பூனைக்குத் தாகம் எளிதில் எழுவதில்லை; அதன் சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் சிறுநீரை மிகவும் அடர்த்தியாக்கிவிடும். அடர்ந்த சிறுநீரில்தான் படிகங்கள் எளிதில் உருவாகின்றன.

வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு உணவின் மீது பழி போடுகிறார்கள். புரதம் சிதையும்போது உண்டாகும் யூரியா சிறுநீரில் வெளியேறுகிறது. யூரியாவுக்கு வாடை இல்லை. லிட்டரில் உள்ள நுண்ணுயிரிகள் அதை அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி எழுகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். ஈர உணவு உண்ணும் பூனையின் சிறுநீர் நீர்த்திருப்பதால், கழித்த உடனே வரும் வாடை முன்பைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். உங்கள் பெட்டியில் நெடி கூடியிருந்தால், உடைந்த கட்டிகளின் துகள்கள் லிட்டருக்குள் தங்கி நாள்கணக்கில் ஊறுவதே காரணமாக இருக்கும். ஆகையால் கட்டி உடையாமல் வெளியே எடுப்பதில்தான் நீங்கள் முதலில் கவனம் செலுத்த வேண்டும்.

அதற்கு முதலில் லிட்டரின் ஆழத்தைக் கூட்டுங்கள். உலர் உணவுக் காலத்தில் 4, 5 சென்டிமீட்டர் போதுமாக இருந்திருக்கலாம். இப்போது 7, 8 சென்டிமீட்டர் இருந்தால்தான் சிறுநீர் அடித்தளத்தைத் தொடுவதற்கு முன்பே கட்டியாகும். கழித்தவுடன் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சிறிது நேரம் விட்டால், கட்டியாகும் லிட்டரில் உள்ள பென்டோனைட் களிமண் நன்றாக இறுகிவிடும். ஒட்டிக்கொண்ட கட்டியை மேலிருந்து குத்திப் பெயர்க்காமல், பெட்டியைச் சாய்த்து அடிப்புறத்தை வெளியிலிருந்து தட்டினால் பெரும்பாலும் முழுதாகவே விடுபடும். தட்டையான விளிம்புள்ள உலோகக் கரண்டி, வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக் கரண்டியைவிட மிக நல்லது. பெட்டியும் சிறியதாக இருக்கக் கூடாது: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருந்தால், பூனை ஒரே மூலையில் மீண்டும் மீண்டும் கழிப்பது குறையும்.

நீங்கள் பயன்படுத்தும் லிட்டர் எந்த வகை என்று குறிப்பிடவில்லை. கட்டியாகாத மரக்குச்சி லிட்டராக இருந்தால், இவ்வளவு சிறுநீரில் அது விரைவாக மரத்தூளாகிவிடும், அடித்தட்டை நாள்தோறும் காலி செய்ய நேரும். சிலிக்கா மணிகளும் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே நிறைவுற்று மஞ்சளாகிவிடும். உறையில் அச்சிட்டுள்ள கால அளவை நம்ப வேண்டாம். நுண்ணிய துகள்களும் வாசனை சேர்க்காத தன்மையும் கொண்ட களிமண் லிட்டரே ஈர உணவு உண்ணும் பூனைக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு எச்சரிக்கை: பெட்டியைக் கழுவும்போது பிளீச்சிங் திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சு வாயு உண்டாகும். வெந்நீரும் மென்மையான சோப்பும் போதும்.

பதில்: பஞ்சுப்பாதம்

சிறுநீரைப் பற்றி மேலே விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் மலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அளவு குறைந்திருப்பது நல்ல அடையாளம். உணவில் செரிக்கும் பகுதி எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு குறைவாகவே பெட்டிக்கு வரும். தானியமும் செரிக்காத நார்ச்சத்தும் மிகுந்த உணவு உண்ணும் பூனை, அதே எடையுள்ள வேறொரு பூனையைவிட வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு அதிக மலம் கழிக்கும். வாடைக்குக் காரணம் வேறு. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய புரதம் பெருங்குடலை அடையும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, இண்டோல், ஸ்கேட்டோல் போன்ற நாற்றமுள்ள சேர்மங்களை உண்டாக்குகின்றன. எனவே சிற்றளவு மலமும் கடுமையாக நாறலாம். உணவில் புரதம் மிகுதி என்பதைக் காட்டிலும், அந்தப் புரதம் சரியாகச் செரிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

உணவை எத்தனை நாள்களில் மாற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இளகிய மலத்துக்கு மிகவும் பொதுவான காரணம் திடீர் மாற்றம்தான். 7 முதல் 10 நாள்கள் வரை எடுத்துக்கொண்டு, முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று கூட்டிக்கொண்டு போவதே முறை. குடல் பலவீனமான பூனைக்கு இன்னும் கூடுதல் காலம் தேவைப்படும். புதிய உணவைத் தின்னாவிட்டால் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; அதை ஒருபோதும் செய்யக் கூடாது. சில நாள்கள் உண்ணாமல் இருந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும், பருத்த பூனைகளுக்கு இந்த அபாயம் மேலும் அதிகம்.

இன்னொன்று, தினம் ஒரு சுவை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதைக் குடல் தேறும் வரையிலாவது நிறுத்துங்கள். ஒரே இறைச்சியை அடிப்படையாகக் கொண்ட உணவைத் தொடர்ந்து கொடுத்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கும். பாலையும் நிறுத்திவிடுங்கள், வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை, பேதியாகத்தான் முடியும்.

இளகிய மலம் பாதத்திலும் பின்புற உரோமத்திலும் ஒட்டி வீடெங்கும் பரவுவதால், இந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது பெட்டியைச் சல்லடையிட வேண்டியிருக்கும். மலம் இறுகியதும் பழைய ஒழுங்குக்குத் திரும்பலாம்.

பதில்: மருத்துவக்குறிப்பு

நான் கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். பூனைகளை நேரில் காணாமல் நோய் கணிக்க முடியாது. ஆனால் பெட்டியைப் பராமரிப்பவர் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லலாம்.

பாதி உலர் உணவுக்குத் திரும்பும் யோசனையைச் சுத்தம் செய்யும் வேலையைக் காரணமாகக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் குறுகியது. படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், ஓரிரு நாள்களுக்குள் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். பூனை பெட்டிக்குள் அடிக்கடி சென்று, முக்கிக்கொண்டு நின்று, ஒன்றும் கழிக்காமல் அல்லது ஓரிரு சொட்டுகள் மட்டும் கழித்துத் திரும்பினால், அதை மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரவானாலும் தாமதிக்க வேண்டாம்.

ஸ்ட்ரூவைட் படிகங்களை உணவின் மூலம் கரைக்க முடியும். மற்றொரு வகைப் படிகமான கால்சியம் ஆக்சலேட்டை அவ்வாறு கரைக்க முடியாது. சிறுநீரை அமிலத்தன்மைக்குக் கொண்டுசெல்லும் உணவு முதலாவதற்கு நல்லது, இரண்டாவதற்கு நல்லதன்று. எனவே இத்தகைய சிறப்பு உணவை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. நீர்ச்சத்து மிகுந்த உணவு மட்டும் இரண்டு வகைக்குமே உதவுகிறது.

உங்கள் பெட்டை பூனையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வயதான பூனையின் சிறுநீர் கூடினால் அதற்கு உணவு மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட முடியாது. நாட்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய மூன்றிலும் கட்டிகள் பெரிதாகும். வழக்கமாக, ஈர உணவுக்கு மாறிய பூனை கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். மாறிய பிறகும் ஒரு பூனை கிண்ணத்தைத் தேடித் தேடிப் போய்க் குடிக்கிறது என்றால், அதன் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிப்பது அவசியம். மலத்தை மூடாமல் வருவதற்கு மூட்டுவலியும் காரணமாகலாம். ஆழமான லிட்டரில் நின்று தோண்டுவது அதற்கு வேதனையாக இருக்கும்.

யாரேனும் பச்சை இறைச்சியைப் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அதன் வழியே டாக்சோபிளாஸ்மா தொற்று ஏற்பட்டால், பூனையின் மலத்தில் ஒட்டுண்ணியின் முட்டையுறைகள் வெளியேறும். அவை தொற்றும் தன்மையை அடைய 1 முதல் 5 நாள்கள் ஆகும் என்பதால்தான் மலத்தைத் தினமும் அகற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்வது நல்லது.

பதில்: மணிக்கிண்ணம்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் உலர் உணவை முழுவதுமாக விலக்கித்தான் ஆக வேண்டும் என்று எல்லாப் பூனைகளுக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஈர உணவை முகர்ந்துகூடப் பார்க்காத பூனைகள் உண்டு. அவற்றின் மருத்துவர் அனுமதித்தால், சிறிதளவு உலர் உணவை வைத்துக்கொண்டு, ஈர உணவில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரைக் கலந்து கொடுத்தே மொத்த நீரைக் கூட்டிவிடலாம். ஆனால் அதனால் பெட்டியின் வேலை குறையப்போவதில்லை. நீர் எந்த வழியில் சேர்ந்தாலும் கட்டி பெரிதாகத்தான் செய்யும்.

வேலையை உண்மையிலேயே எளிதாக்குவது உணவு நேரம். நாள் முழுவதும் கிண்ணம் நிறைந்திருக்கும் வீட்டில் பூனை எப்போது கழிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஈர உணவை அப்படி விட்டுவைக்க முடியாது என்பதால், தானாகவே வேளைக்கு உணவிடும் ஒழுங்கு வந்துவிடுகிறது. வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் இயங்கத் தொடங்கும். ஆகவே குறித்த நேரத்தில் உண்ணும் பூனை, பெரும்பாலும் குறித்த நேரத்தை ஒட்டியே மலம் கழிக்கப் பழகிவிடும். அந்த நேரத்தைக் கண்டுகொண்டு, அதன் பிறகு ஒரு முறை, உறங்கப் போகும் முன் ஒரு முறை என்று சல்லடையிட்டால், வாடை அறையில் தங்குவதற்கே இடமிராது.

கேள்வி கேட்டவர்: சாம்பல்வால்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உலர் உணவுக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மாற்றத்தைச் சற்று வேகமாகவே செய்திருக்கிறேன் என்பதால், மலம் இளகியதன் காரணமும் புரிகிறது. பெட்டை பூனையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்போகிறேன். ஆனால் ஒரு சிக்கல்: இரண்டும் ஒரே பெட்டிகளைப் பயன்படுத்துவதால், எந்தக் கட்டி யாருடையது என்று மருத்துவர் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. ஆழமான லிட்டர் கடுவனுக்கு நல்லது, பெட்டைக்குக் கடினம் என்றால் என்ன ஏற்பாடு செய்வது?

பதில்: மருத்துவக்குறிப்பு

இரண்டு பூனைகளுக்கு மூன்று பெட்டிகள் என்பதே நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஒன்றை மட்டும் முன்பக்க விளிம்பு தாழ்வாக உள்ளதாகத் தேர்ந்து, லிட்டரை 5 சென்டிமீட்டர் அளவில் நிரப்பி, பெட்டை பூனை அதிக நேரம் உறங்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். மற்ற இரண்டையும் ஆழமாகவே நிரப்பலாம். தாழ்வான பெட்டியை அது தானாகவே விரும்பத் தொடங்கும். இருந்தாலும் கடுவன் அங்கே போகாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய ஓரிரு நாள்கள், இரவில் மட்டுமாவது இரண்டையும் தனித்தனி அறைகளில், தனிப் பெட்டியுடனும் தண்ணீருடனும் விட்டு, காலையில் ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டிகள், என்ன அளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிகளைச் சமையலறைத் தராசு போன்ற ஒன்றில், இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் வைத்து எடை போட்டால் இன்னும் துல்லியமாக இருக்கும்; லிட்டரின் எடையும் அதில் சேர்ந்திருக்கும் என்றாலும், நாளுக்கு நாள் கூடுகிறதா குறைகிறதா என்பதை அது காட்டிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, காலையில் எஞ்சியதையும் அளந்து எழுதிக் கொண்டு வந்தால் உங்கள் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.