பரோக்குக்குத் தமிழ் என்ன?

செ.: கலைச்சொற்குழு அன்பர்களே, ஓவிய மாணவர்களுக்கான பாடநூலின் ஓர் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1520இல் ரஃபேல் இறந்த பிறகு ஐரோப்பிய ஓவியம் மாறிய கதை. அடுத்தடுத்து வந்த மேனரிசம், பரோக், ரொக்கோகோ என்ற மூன்று பாணிகளுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும்.

இரா.: மேனரிசம் 'பாங்கியம்'. இத்தாலிய 'மனியேரா' என்றாலே பாங்குதான். பார்மிஜானினோவின் நீள்கழுத்து மரியாளைப் பாருங்கள், ஒயிலுக்காகவே இழுத்த கழுத்து.

ம.: அகப்பொருள் படித்தவர்களுக்குப் பாங்கி என்றால் தோழி வந்து நிற்பாளே ஐயா! 'ஒயிற்பாணி' போதும்.

கு.: போர்த்துக்கீசிய 'பரோக்கோ' கோணல் முத்து. 16ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் அவர்கள். நம் 'பரல்'தான் அங்கே போயிருக்க வேண்டும். பாண்டிமாதேவி சிலம்பின் பரலும் முத்துதானே?

செ.: அண்ணா, வெள்ளிக்கிழமை.

ம.: லகரம் எப்படிக் ககரம் ஆனதாம்? அது கிடக்கட்டும். 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், திருவுருவங்கள் மக்களுக்குப் போதித்துப் பக்தியைத் தூண்ட வேண்டும் என்றது. மேனரிசத்தின் புதிர் முறுக்கு அதற்கு உதவாது. கரவாஜியோவின் 'மத்தேயுவின் அழைப்பு' (1599–1600) படத்தில் பக்கவாட்டு ஒளி இருட்டை வெட்டிக்கொண்டு வருகிறது, பார்த்தவுடன் கதை புரிகிறது. ரோமில் பெர்னினி செதுக்கிய புனித அவிலா தெரேசா சிலை அப்பட்டமான மருட்கை (வியப்பு). உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவதுதானே மெய்ப்பாடு? ஆகவே பரோக் 'மெய்ப்பாட்டுப் பாணி'.

இரா.: மெய்ப்பாட்டை ஒரு நூற்றாண்டுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது. பால் ஊற்றும் பெண்ணை வரைந்த வெர்மீரும் அதே காலம்தான். அங்கே என்ன ஆரவாரம்?

வா.: ரொக்கோகோவுக்குத் தொல்காப்பியர் சொல் இருக்கிறது, 'இழைபு'. வல்லொற்று (க், ச், ட் போன்ற வல்லின மெய்) அடங்காத செய்யுள் வனப்பு. 1715இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இறந்ததும் பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையை விட்டுப் பாரிஸ் மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். சின்ன வரவேற்பறைக்குப் பலிபீட ஓவியம் எதற்கு? வெளிர்நிறமும் சிப்பி வளைவும் போதும். பிராகொனாரின் 'ஊஞ்சல்' (1767) வல்லினமே இல்லாத ஓவியம்!

ப.: ரசித்தேன். ஆனால் இழைபை விளக்க இன்னொரு பாடநூல் வேண்டும். தேர்வில் மாணவர் எழுதப்போவது ரொக்கோகோதான்.

இரா.: எல்லாவற்றையும் ஒலிபெயர்த்தால் இந்தக் குழு எதற்கு?

செ.: சரி, பெரும்பான்மைப்படி பரோக்கும் ரொக்கோகோவும் அப்படியே போகட்டும். மேனரிசம் மட்டும் ஒயிற்பாணி. இரா. ஐயாவின் மறுப்பு பதிவாகிறது. நன்றி.

கு.: இந்த உரையாடல் இழையை மூட வேண்டாம். லகரம் ககரமானதற்குச் சான்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தனி மடல் வரும்.