நடக்கும்போது மட்டும் முழங்கால் கோணம் தப்பாக வருகிறது, சென்சாரை மாற்ற வேண்டுமா?

ஈரச்சால்டர் (கேள்வி)

வணக்கம். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவி ஒன்று செய்கிறேன், மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். தொடையில் ஒரு எம்பியு-6050 (சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவும், முடுக்கத்தையும் புவியீர்ப்பையும் அளக்கும் ஆக்ஸிலரோமீட்டரும் சேர்ந்த சென்சார்), முழங்காலுக்குக் கீழே இன்னொன்று, இரண்டும் ஒரே ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாக (ஒன்றின் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் கட்டி முகவரியை மாற்றியிருக்கிறேன்). ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காம்ப்ளிமென்டரி ஃபில்டர் (இரண்டின் கணக்கையும் பங்கு போட்டுக் கலக்கும் முறை), ஜைரோவுக்கு 0.98, ஆக்ஸிலரோமீட்டருக்கு 0.02, வினாடிக்கு 100 முறை. கிடைக்கிற இரண்டு சாய்வுகளையும் கழித்தால் முழங்கால் கோணம்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை மெதுவாக நீட்டி மடக்கினால் அழகாக வருகிறது, கோனியோமீட்டரோடு (மூட்டின் கோணத்தை அளக்கும் இரண்டு கை அளவுகோல்) 3 டிகிரிக்குள் ஒத்துப்போகிறது. எழுந்து நடந்தால் போச்சு. கால் முன்னே வீசி, குதிகால் தரையைத் தொடப்போகும் நேரத்தில் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும், வீடியோவிலும் அப்படித்தான் தெரிகிறது, ஆனால் என் கிராஃப் 15 டிகிரி மடங்கியிருக்கிறது என்கிறது. மடங்கும்போது 60 பக்கம் வர வேண்டியது 45ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. நடையை நிறுத்தினால் ஒன்றிரண்டு வினாடியில் தானாகப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

0.98ஐ 0.95, 0.99 என்று மாற்றியும் பார்த்தாயிற்று. மலிவு சென்சாரின் லட்சணமே இதுதான், காந்தமானியோடு (திசைகாட்டி மாதிரி வடக்கை அறிவது) வருகிற 9 அச்சு சென்சார் வாங்கு என்கிறான் நண்பன். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கிராஃப்காரன்

மேட்ஜ்விக் ஃபில்டர் போடுங்கள், சென்சார் எண்களைக் கலந்து கோணம் தரும் இன்னொரு முறை, லைப்ரரியாகவே கிடைக்கிறது. காம்ப்ளிமென்டரி எல்லாம் விளையாட்டுச் சாமான்.

ஓம்விதி

ஃபில்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். மெதுவாகச் செய்தால் சரி, வேகமாகச் செய்தால் குறைகிறது என்று துப்பை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். மெதுவான அசைவில் ஜைரோ பொய் சொன்னாலும் ஆக்ஸிலரோமீட்டர் பின்னாலேயே வந்து திருத்திவிடும். 0.98 வைத்து 100 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அந்தத் திருத்தம் பிடிக்கவே சுமார் அரை வினாடி ஆகும், ஒரு கால் வீச்சு அதற்குள் முடிந்தே போகிறது. ஆக நடையில் நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய ஜைரோவின் கணக்கை மட்டும்தான். அந்தக் கணக்கில் எனக்கு இரண்டு ஓட்டை தெரிகிறது.

முதலாவது, அளவு எல்லை. எம்பியு-6050 பவர் போட்டதும் ±250 டிகிரி/வினாடி என்ற அமைப்பில்தான் எழும். சாதாரண நடையிலேயே முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முன்னால் வீசும் வேகம் 300ஐத் தாண்டி 400ஐக்கூடத் தொடும். 250க்கு மேல் போனதெல்லாம் சென்சாருக்கு 250தான், மிச்சம் கணக்கிலேயே வராது. வெட்டுப்படும் அந்த 0.15 வினாடியில் சராசரியாக 80 டிகிரி/வினாடி காணாமல் போனால் 12 டிகிரி போச்சு. கால் நீளும்போது தொலைகிறது, அதனால்தான் நேரான காலை மடங்கியது என்கிறது. ஃபில்டருக்குப் போகும் முன் வரும் மூல எண்களைப் பிளாட் போட்டுப் பாருங்கள், முகடு 32767இல் (சென்சார் தரக்கூடிய மிகப் பெரிய எண்) மொட்டை அடித்தது மாதிரி தட்டையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ±1000க்கு மாற்றுங்கள், கூடவே மூல எண்ணை டிகிரி/வினாடி ஆக்க வகுக்கும் எண்ணை 131லிருந்து 32.8 ஆக்குங்கள். நான் இதை மறந்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆக்ஸிலரோமீட்டரும் அதேபோல ±2 ஜியில் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) நிற்கும், குதிகால் இடிக்கும்போது அது போதாது, ±8 வையுங்கள்.

ஆனால் இது நீட்டும் பக்கத்தைத்தான் கெடுக்கும். உங்களுக்கு மடக்கும் பக்கமும் குறைகிறதே, அதனால் இரண்டாவது சந்தேகம் நேரத்தின் மேல். கோடில் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.01 வினாடி என்று நிலையாக எழுதி வைத்திருக்கிறீர்களா? நிஜத்தில் சுற்று 14 மில்லி வினாடி எடுத்தால் 60 டிகிரி அசைவு 43 ஆகத்தான் தெரியும். கணினிக்கு எண்களை அனுப்பும் சீரியல் இணைப்பு 9600 வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 960 எழுத்துதான் போகும், நூறு வரி அனுப்பினால் வரிக்கு 10 எழுத்துகூடத் தேறாது, மீதிக்கு உங்கள் லூப் வாசலில் வரிசையில் நிற்கும். 115200 வையுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் உண்மையில் ஆன நேரத்தை மைக்ரோஸ் ஃபங்ஷனால் அளந்து அதையே பெருக்குங்கள்.

காந்தமானி விஷயம்: அது திசையைச் சொல்லத்தான், சாய்வைப் புவியீர்ப்பே சொல்லிவிடுகிறது. முன்பின் மடக்கத்துக்கு அது தேவையில்லை. தரைக்குள் இரும்புக் கம்பி ஓடும் கட்டடத்தில் கணுக்கால் பக்கம் இருக்கும் சென்சாருக்கு வடக்கு எது என்றே தெரியாது, புதுத் தலைவலியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கிராஃப்காரன், மேட்ஜ்விக் நல்ல ஃபில்டர்தான், ஆனால் வெட்டுப்பட்ட எண்ணைப் போட்டால் அதுவும் வெட்டுப்பட்ட கோணத்தைத்தான் திருப்பித் தரும்.

கிராஃப்காரன்

சரி சரி, கோடைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

நடைக்கணக்கு

நான் பிசியோதெரபிஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் அரைகுறைதான். ஓம்விதி சொன்னதைச் செய்த பிறகும் சில டிகிரி அலைந்தால் கோடிலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள், தோலையும் தசையையும் பாருங்கள். தொடைக்கு முன்பக்கத் தசை சுருங்கும்போது பட்டையோடு சென்சாரும் எழும்பி உருளும், அதனால் வெளிப்பக்கமாக, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கட்டுங்கள். கீழே கெண்டைச் சதையில் வேண்டவே வேண்டாம், முன்னங்காலின் உட்பக்கத்தில் எலும்பு தோலுக்கு அடியிலேயே தட்டையாகக் கிடக்கும், அதன் மேல் வையுங்கள். 2014இல் தாமஸ் சீல் குழுவினர் செயற்கைக் கால் பொருத்திய ஒருவரை நடக்கவைத்து, சென்சார் கணக்கைக் கேமரா அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். செயற்கைக் காலில் முழங்கால் பிழை 1 டிகிரிக்கும் கீழே, சொந்தக் காலில் சுமார் 3. கணக்கு முறை இரண்டு காலுக்கும் ஒன்றுதான், சதைதான் கூடுதல்.

சென்சாரைக் கண்ணால் பார்த்து நேராக ஒட்டுவதையும் நம்பாதீர்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் மடக்கத்தில் ஒரு பங்கு பக்கவாட்டு அச்சில் போய் விழும். காலைச் சில முறை வீசவைத்து, ஜைரோ எந்தத் திசையில் அதிகம் சுழல்கிறது என்று பார்த்து அதையே மூட்டின் அச்சாக எடுத்துக்கொள்வார்கள், அந்தக் குழுவும் அசைவிலிருந்துதான் அச்சைக் கண்டுபிடித்தது.

அப்புறம், இது யாருக்காக? பூஜ்ஜியத்தை எப்படி எடுக்கிறீர்கள்?

ஈரச்சால்டர்

ஓம்விதி, இரண்டும் இருந்தது! சுற்று 13.6 மில்லி வினாடி, சீரியல் 9600தான். கீழ் சென்சாரின் முகடு பலகையால் வெட்டியது மாதிரி தட்டை. இரண்டையும் சரிசெய்து நடந்தேன், இப்போது குதிகால் தொடும் முன் 5, மடக்கம் 58. மூன்று வாரமாக நான் 0.98ஐத் திருகிக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

நடைக்கணக்கு, அப்பாவுக்காக. முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வீட்டில் பயிற்சி செய்யும்போது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று தினமும் குறித்துவைக்க நினைத்தேன். இதுவரை என் காலில்தான் சோதித்தேன். நேராக நிற்கவைத்து, பட்டனை அழுத்தினால் அது பூஜ்ஜியம்.

நடைக்கணக்கு

அதைத்தான் பயந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்குக் கால் முழுதாக நீளாது, நேராக நிற்கச் சொன்னாலும் சில டிகிரி மடங்கியே நிற்பார்கள். அந்த நிலையைப் பூஜ்ஜியம் என்று வைத்தால் நீங்கள் கண்காணிக்க வேண்டிய குறையைத்தான் முதல் அழுத்தலிலேயே அழிக்கிறீர்கள். மடக்கமும் அதே அளவுக்குக் குறைவாகக் காட்டும். படுக்கவைத்துக் காலைத் தளர்வாக நீட்டச் சொல்லுங்கள், கோனியோமீட்டரின் நடுவை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு முனையில் வைத்து, ஒரு கையை இடுப்புப் பக்க எலும்பு முனைப்புக்கும் இன்னொன்றைக் கணுக்காலின் வெளி முண்டுக்கும் நீட்டிப் படியுங்கள். வருகிற எண்ணைப் பட்டன் அழுத்தும் நேரத்துத் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். கோனியோமீட்டரே ஆளுக்கு ஆள் 5 டிகிரி வரை மாறும், அதனால் எப்போதும் ஒருவரே அளக்கட்டும். ஒரு நாள் 2 டிகிரி கூடிவிட்டது என்று அப்பாவிடம் குதிக்காதீர்கள், ஒரு வாரத்துப் போக்கைப் பாருங்கள்.

ஈரச்சால்டர்

இப்போதுதான் அளந்தேன். 7 டிகிரி. என் கருவியில் அது பூஜ்ஜியமாகத்தான் வந்திருக்கும். தினமும் பட்டையைக் கழற்றிக் கட்டும்போது இடம் மாறுமே, அதற்கு என்ன செய்வது?

ஓம்விதி

தோலில் பேனாவால் பட்டையின் ஓரத்தைக் கோடு போட்டுவிடுங்கள், குளித்தால் மறுபடி போட வேண்டும். கட்டியதும் ஒவ்வொரு முறையும் தொடக்க மதிப்பைப் புதிதாகக் கொடுங்கள், நேற்றையதை மெமரியிலிருந்து எடுக்க வேண்டாம். பவர் போட்டுச் சில நிமிடம் சூடாகவிட்டு, அசையாமல் சில வினாடி வைத்து ஜைரோவின் சராசரியைக் கழித்த பிறகு ஆரம்பியுங்கள்.